எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "கிளியோசிஸ்" என்று வந்திருக்கிறது: தலைக்காயமும் சைட்டோகைனும், கொஞ்சம் விளக்குங்களேன்

வேலூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்குப் போன வருஷம் பைக் விபத்து. வயது 26. தலையில் ஹெல்மெட் இருந்தது, பக்கிள் மாட்டவில்லை. விழும்போதே அது கழன்று பறந்துவிட்டது. தலைக்குள் ரத்தக்கசிவு, ஐ.சி.யூ., வென்டிலேட்டர் எல்லாம் பார்த்தாயிற்று. ஆபரேஷன் தேவைப்படவில்லை. இப்போது வேலைக்குப் போகிறான். வெளியாட்களுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் இருக்கும் எங்களுக்குத்தான் தெரியும்: சட்டென்று கோபம், சொன்னதை மறப்பது, மதியம் மூன்று மணிக்கு மேல் ஆளே துவண்டுவிடுவது.

சென்ற வாரம் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்தோம். "இடது ஃப்ரன்டல் லோபில் (மூளையின் முன்பகுதி) என்செஃபலோமலேசியா, சுற்றிலும் கிளியோசிஸ்" என்று போட்டிருக்கிறார்கள். டாக்டர் "பழைய தழும்புதான், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். நெட்டில் தேடினால் சைட்டோகைன் என்று ஏதோ சுரந்து, கிளியா செல்களைத் தூண்டிவிடுவதால்தான் இது வருகிறது என்கிறார்கள். அப்படியானால் அந்த அழற்சியைக் குறைக்க ஏதாவது கொடுக்க வேண்டாமா? சித்தப்பா மஞ்சள் கேப்சூல் வாங்கி வந்து வைத்திருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டூட்டி டாக்டர்:

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கிளியோசிஸ் கட்டி இல்லை. கிளியோமாதான் கட்டி, இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர்கள் நிறையப் பேர். என்செஃபலோமலேசியா என்றால் அடிபட்ட இடத்தில் திசு அழிந்து மென்மையாகிவிட்டது. அதைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட் செல்கள் போட்ட தழும்பு கிளியோசிஸ். நீங்கள் சொல்கிற அளவு காயத்துக்கு ஒரு வருஷம் கழித்து இது தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கவனிக்க வேண்டியது வலிப்பு. இந்த மாதிரித் தழும்பிலிருந்து சில வருஷம் கழித்துக்கூட வலிப்பு கிளம்பலாம். வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். யார் சொன்னாலும் ஸ்டீராய்டு பக்கம் போக வேண்டாம். காரணம் பிறகு எழுதுகிறேன், ரவுண்ட்ஸ் இருக்கிறது.

பெட்ரிடிஷ்:

நான் மருத்துவர் இல்லை. ஆய்வகத்தில் ஆஸ்ட்ரோசைட் வளர்ப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே சிகிச்சை விஷயத்தில் டூட்டி டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

மூளையில் நியூரான்களோடு கிளியா செல்களும் இருக்கின்றன. இங்கே நமக்கு வேண்டியவை மூன்று. மைக்ரோகிளியா, மூளைக்குள்ளேயே குடியிருக்கும் நோயெதிர்ப்பு செல். ஆஸ்ட்ரோசைட், ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டும், நியூரான்கள் சேதி சொல்லக் கொட்டும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை உறிஞ்சிக்கொண்டும் இருப்பது. ஆலிகோடெண்ட்ரோசைட், நரம்பு இழைக்கு மயலின் உறை போடுவது.

அடிபட்டதும் செல்கள் கிழிந்து, உள்ளே இருக்க வேண்டிய ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வெளியே கசிகிறது. அதை முதலில் மோப்பம் பிடிப்பது மைக்ரோகிளியா. 2005இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதை உயிருள்ள எலியின் மூளையில் நேரடியாகவே படம் பிடித்தன. சாதாரண நேரத்திலேயே மைக்ரோகிளியாவின் மெல்லிய கிளைகள் ஓயாமல் நீண்டு சுருங்கி அக்கம்பக்கத்தைத் தடவிக்கொண்டிருக்கும். லேசரால் ஒரு புள்ளியைச் சுட்டதும், செல்லின் உடல் இருந்த இடத்திலேயே இருக்க, சுற்றியுள்ள அத்தனை செல்களின் கிளைகளும் சில நிமிடங்களில் அந்தப் புள்ளியை நோக்கி நீண்டு அதைச் சூழ்ந்துவிட்டன. அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதற்குப் பிறகுதான் சைட்டோகைன் வருகிறது. சைட்டோகைன் என்பது செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் சிறு புரதங்கள். மைக்ரோகிளியா முதலில் வெளியிடுபவற்றில் முக்கியமானவை டி.என்.எஃப்., ஐ.எல்.-1 ஆல்ஃபா, ஐ.எல்.-1 பீட்டா (ஐ.எல். என்றால் இன்டர்லூக்கின், சைட்டோகைனில் ஒரு வகை). இதில் பீட்டா வகை செயலற்ற முழு நீள வடிவில்தான் தயாராகிறது. என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதக் கூட்டமைப்பு தூண்டப்பட்டு, காஸ்பேஸ்-1 நொதி அதை வெட்டினால்தான் வேலைக்கு ஆகும். ஐ.எல்.-1 ஆல்ஃபாவுக்கு அந்த வெட்டு அவசியமில்லை; செத்துக்கொண்டிருக்கும் செல்லிலிருந்து கசிந்தாலே போதும்.

இந்தச் சேதி கிடைத்ததும் ஆஸ்ட்ரோசைட் பருத்து, ஜி.எஃப்.ஏ.பி. என்ற இழைப் புரதத்தை நிறைய உண்டாக்குகிறது. காயத்துக்குப் பக்கத்தில் இருப்பவை பெருகவும் செய்கின்றன. கூடவே சி.சி.எல்.2 போன்ற அழைப்புப் புரதங்களை வெளியிட்டு ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களை வரவழைக்கின்றன. அடுத்தடுத்த நாட்களில் ஐ.எல்.-6 குடும்பம், செல்லுக்குள் சேதி கடத்தும் ஸ்டாட்3 என்ற புரதம் வழியாகவும், ரத்தத்திலிருந்து கசியும் ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் சுமந்துவரும் டி.ஜி.எஃப். பீட்டா என்ற சைட்டோகைன் இன்னொரு வழியாகவும் அதே ஆஸ்ட்ரோசைட்டைப் பிடித்துத் தழும்பு கட்ட வைக்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அந்தத் தழும்புதான்.

சந்தேகம் சாமி:

இதெல்லாம் சரி. சைட்டோகைன்தான் தழும்பைக் கட்டுகிறது என்று எப்படித் தெரியும்? காயம் பட்டதால் தழும்பு வருகிறது, காயம் பட்டதால் சைட்டோகைனும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடுமா?

பெட்ரிடிஷ்:

நல்ல கேள்வி, சாமி. 1985இல் கியூலியனும் லாக்மனும் ஐ.எல்.-1 ஆஸ்ட்ரோசைட்டுகளைப் பெருகச் செய்கிறது என்று காட்டினார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் மான்ட்ரியலில் வீ யாங் குழு செய்த சோதனைகளில் இருக்கிறது.

பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டியின் மூளையில் ஊசியால் குத்தினால் பெரிதாகத் தழும்பு வருவதில்லை. வளர்ந்த எலியில் அதே குத்து நல்ல தழும்பை விடும். குட்டியின் ஆஸ்ட்ரோசைட்டுக்குத் தழும்பு போடவே தெரியாதா, அல்லது போடு என்று சொல்ல ஆளில்லையா? இதைப் பிரித்தறிய, குட்டியைக் குத்திய இடத்திலேயே காமா இன்டர்ஃபெரான், ஐ.எல்.-1 போன்ற சைட்டோகைன்களைத் தனித்தனியாகச் செலுத்திப் பார்த்தார்கள். வளர்ந்த எலியைப் போலவே குட்டியிலும் ஆஸ்ட்ரோசைட்டுகள் கிளர்ந்துவிட்டன. இது 1994இல் வந்தது. அதாவது செல்லுக்குத் திறமை முதலிலிருந்தே இருந்தது, உத்தரவுதான் வரவில்லை. 1996இல் இதை மறுபக்கமாகவும் காட்டினார்கள்: வளர்ந்த எலியின் காயத்தில், அழற்சியைத் தணிக்கும் ஐ.எல்.-10ஐச் செலுத்தினால் ஆஸ்ட்ரோசைட்டின் கிளர்ச்சி குறைந்தது. கூட்டினால் கூடுகிறது, தணித்தால் குறைகிறது. காரணம் என்று சொல்ல எனக்கு இது போதும்.

சந்தேகம் சாமி:

அப்படியானால் விஷயம் சுலபமாகிவிட்டதே! தழும்பு நரம்பு இழை திரும்ப வளர்வதைத் தடுக்கிறது என்று நானும் படித்திருக்கிறேன். சைட்டோகைனை அடைத்தால் தழும்பு வராது, நரம்பு வளரும். முப்பது வருஷமாக இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?

பெட்ரிடிஷ்:

முயன்றார்கள். அதில் தெரிந்தவைதான் இந்தத் துறையையே திருப்பிப் போட்டன.

1999இல், பெருகும் ஆஸ்ட்ரோசைட்டுகள் மட்டும் ஒரு மருந்துக்குச் சாகும்படி மரபணு மாற்றிய எலிகளை வைத்து மூளையில் குத்துக்காயம் ஏற்படுத்தினார்கள். தழும்பு போடும் செல்கள் போயின. சாமி சொன்னபடி அந்த இடத்தில் நரம்பு இழைகள் கூடுதலாக முளைக்கவும் செய்தன. ஆனால் ரத்தத்தில் இருப்பவை மூளைக்குள் கசியாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு அடைபடவில்லை, வெள்ளையணுக்கள் உள்ளே வந்து குவிந்தபடியே இருந்தன, சாதாரணமாகப் பிழைத்திருக்க வேண்டிய நியூரான்கள் செத்தன. தழும்பு என்று நாம் திட்டுவது உண்மையில் வயலுக்குப் போட்ட வரப்பு. வெட்டிவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்கும் பாயும்.

டி.என்.எஃப். கதை இன்னும் விசித்திரம். அதே 1999இல், டி.என்.எஃப். மரபணுவே இல்லாத எலிகளுக்குத் தலைக்காயம் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வாரத்தில் அவை சாதாரண எலிகளைவிட நன்றாக இருந்தன. அந்தக் கட்டத்தில் ஆய்வை நிறுத்தியிருந்தால் டி.என்.எஃப்.தான் வில்லன் என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆனால் நான்கு வாரம் வரை பார்த்தார்கள். சாதாரண எலிகள் படிப்படியாகத் தேறிவிட்டன, டி.என்.எஃப். இல்லாதவற்றின் கைகால் குறைபாடு அப்படியே நின்றுவிட்டது. முதல் வாரம் கெடுத்த அதே மூலக்கூறு, பிந்தைய வாரங்களில் தேறுவதற்குத் தேவைப்பட்டிருக்கிறது.

ஆலிகோடெண்ட்ரோசைட்டிலும் இதே இரட்டை முகம். டி.என்.எஃப்.க்கு இரண்டு ஏற்பிகள், அதாவது செல்லில் அந்தச் சேதியை வாங்கும் புரதங்கள். முதலாவது வழியாக அது அழற்சியையும் செல் சாவையும் தூண்டுகிறது. இரண்டாவது வழியாக, மயலின் போடும் செல்லின் முன்னோடிகளைப் பெருகச் செய்து உறையைச் சரிசெய்ய உதவுகிறது. இரண்டையும் சேர்த்து அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மனித உதாரணமே உண்டு: மயலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயாளிகளுக்கு லெனெர்செப்ட் என்ற டி.என்.எஃப். தடுப்பு மருந்தைக் கொடுத்தபோது நோய் தணிவதற்குப் பதில் அதிகமானது. அது தலைக்காயம் இல்லைதான். ஆனால் "டி.என்.எஃப். கெட்டது, அடை" என்று சொல்பவர்கள் ஒரு முறை அதைப் படித்துவிட வேண்டும்.

டூட்டி டாக்டர்:

ஸ்டீராய்டு கதைக்கு இதுதான் சரியான இடம். அழற்சி என்றால் ஸ்டீராய்டு என்பது டாக்டர்களுக்கே ஊறிப்போன பழக்கம். தலைக்காயத்துக்கும் பல வருஷம் அப்படித்தான் போட்டார்கள். கட்டியைச் சுற்றி வரும் வீக்கத்துக்கு அது நன்றாக வேலை செய்வதால், இதற்கும் செய்யும் என்று நம்பினார்கள்.

பிறகு கிராஷ் என்ற ஆய்வு நடந்தது. 49 நாடுகள், 239 மருத்துவமனைகள். தலைக்காயத்தோடு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 48 மணி நேரம் ரத்தக்குழாய் வழியாக, மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்து. 20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 10,008 பேரோடு நிறுத்திவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பக்கம் 21.1 சதவீதம், போலி மருந்துப் பக்கம் 17.9 சதவீதம். 2004இல் முடிவு வெளியானது. நூறு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக மூன்று உயிர் போகும். அதற்கு முன்னால் எத்தனை வருஷம் நல்லது என்று நம்பி ஏற்றியிருப்போம் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

கொல்லிமலைத் தேன்:

ஸ்டீராய்டு கெமிக்கல் சார், அதனால் அப்படி. மஞ்சள் இயற்கை. அதில் இருக்கும் குர்குமின் அழற்சியைக் குறைக்கும் என்று வெளிநாட்டுக்காரனே எழுதியிருக்கிறான். வேலூர்க்காரன் அண்ணா தாராளமாகக் கொடுக்கலாம்.

பெட்ரிடிஷ்:

தட்டில் வளரும் மைக்ரோகிளியா மேல் குர்குமின் போட்டால் டி.என்.எஃப். குறையும். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வாய் வழியாகப் போகும் குர்குமின் குடலிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது, ரத்தத்துக்கு வருவதே சொற்பம். மூளைக்குப் போவது அதிலும் சொற்பம். சரி, அது போய்ச் சேர்ந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கழித்து எந்த செல்லின் எந்தச் சேதியை அடைக்கப் போகிறீர்கள்? அது கெடுக்கிற சேதியா, தேற்றுகிற சேதியா?

டூட்டி டாக்டர்:

ரசத்தில் போடும் மஞ்சளுக்கு நான் எதிரி இல்லை. உறிஞ்சும் அளவைக் கூட்ட மிளகுச் சத்தும் சேர்த்து வரும் கேப்சூல்களால் கல்லீரல் கெட்டுப்போன நோயாளிகள் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. வலிப்பு மாத்திரையும் எடுப்பவர் என்றால் டாக்டரிடம் சொல்லாமல் எதையும் சேர்க்க வேண்டாம். சித்தப்பா மனசு நோகாமல் அதை அலமாரியில் வையுங்கள்.

சந்தேகம் சாமி:

மனிதர்களிடம் குறிவைத்து ஒரே ஒரு சைட்டோகைனை மட்டும் அடைத்துப் பார்த்தவர்களே இல்லையா?

பெட்ரிடிஷ்:

உண்டு. கேம்பிரிட்ஜில் கடுமையான தலைக்காயம் பட்ட 20 பேரைச் சேர்த்து ஒரு சிறிய ஆய்வு, 2014இல் வெளியானது. ஐ.எல்.-1 ஏற்பியை அடைக்கும் அனகின்ராவை ஒரு பாதிப் பேருக்குத் தினம் 100 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் கொடுத்தார்கள். மூளைக்குள் வைத்த மெல்லிய மைக்ரோடயாலிசிஸ் குழாய் வழியாகத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேகரித்து, எந்த சைட்டோகைன் எவ்வளவு என்று அளந்தார்கள். மருந்து மூளைக்குள் போய்ச் சேர்ந்தது, பாதுகாப்பாகவும் இருந்தது. ஆனால் எதிர்பார்த்ததுபோல் சைட்டோகைன்கள் அமைதிப் பக்கம் சாயவில்லை. அவர்களே பிறகு அலசியபோது மைக்ரோகிளியாவின் ஆரம்பக்கட்ட, சண்டைக்கோலப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றவை எல்லாம் இடம் மாறிக்கொள்கின்றன. நோயாளிக்குப் பலன் உண்டா என்று சொல்லும் அளவுக்கு அது பெரிய ஆய்வும் இல்லை.

மூன்றாம் வருஷம்:

சார், ஒரு சந்தேகம். நான் எம்.பி.பி.எஸ். மாணவன். ஏ1 ஆஸ்ட்ரோசைட் நச்சு, ஏ2 நல்லது என்று ஒரு ஸ்லைடில் படித்தேன். இந்தக் குழப்பத்துக்கெல்லாம் அதுதானே விடை? ஏ1ஐ மட்டும் அடைத்தால் போதாதா?

பெட்ரிடிஷ்:

அந்த ஸ்லைடு எங்கள் ஆய்வகச் சுவரிலும் ரொம்ப நாள் ஒட்டியிருந்தது. 2017இல் ஸ்டான்ஃபோர்டில் பென் பாரெஸ் குழு வெளியிட்டது. கிளர்ந்த மைக்ரோகிளியா வெளியிடும் மூன்று பொருள்கள், அதாவது ஐ.எல்.-1 ஆல்ஃபா, டி.என்.எஃப்., சி1கியூ என்ற நோயெதிர்ப்புப் புரதம், மூன்றும் சேர்ந்தால் ஆஸ்ட்ரோசைட் தன் வழக்கமான வேலைகளை விட்டுவிட்டு நியூரானையும் ஆலிகோடெண்ட்ரோசைட்டையும் கொல்லும் நிலைக்குப் போகிறது என்று காட்டினார்கள். அருமையான வேலை. 2021இல் அந்த நச்சு என்ன என்பதற்கும் பதில் வந்தது: ஆஸ்ட்ரோசைட் வெளிவிடும் கொழுப்புத் துகள்களில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு.

ஆனால் அதே 2021இல் இந்தத் துறையின் பெருந்தலைகள் பலர் சேர்ந்து ஏ1, ஏ2 என்று இரண்டாகப் பிரிப்பதை விட்டுவிடுங்கள் என்று எழுதினார்கள், பாரெஸிடம் வேலை பார்த்தவர்கள் உட்பட. உண்மையான காயத்தில் ஒரே ஆஸ்ட்ரோசைட்டில் இரண்டு வகை அடையாளங்களும் கலந்து இருக்கின்றன. காயத்திலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை நாள், மூளையின் எந்தப் பகுதி, வயது என்ன என்பதைப் பொறுத்து நிலை மாறுகிறது. பரீட்சையில் கேட்டால் ஏ1, ஏ2 எழுதி மார்க்கை வாங்கிக்கொள், தம்பி. ஆய்வுக்கு வரும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு வா.

பிசியோ அக்கா:

நான் மறுவாழ்வுப் பிரிவில் இருக்கிறேன். எனக்கு ஒன்று கேட்க வேண்டும். ஐந்து, பத்து வருஷத்துக்கு முன்னால் அடிபட்டவர்கள் வருகிறார்கள், புதிதாக மறதி என்கிறார்கள். இந்த அழற்சி எப்போதுதான் அடங்குகிறது?

வேலூர்க்காரன், தம்பி விஷயத்தில் ஒன்று. நீங்கள் சொன்ன கோபமும் மதியச் சோர்வும் ஃப்ரன்டல் காயத்தில் நாங்கள் தினமும் பார்ப்பது. திமிர் இல்லை. முக்கியமான வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், மதியம் அரை மணி நேரம் அமைதியாகப் படுக்கட்டும். ஒரே நேரத்தில் மூன்று வேலை சொல்லாதீர்கள். செல்போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். அறிவாற்றல் பயிற்சிக்குத் தனியாகவே ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

பெட்ரிடிஷ்:

அக்கா, உங்கள் கேள்விதான் இந்த விவாதத்திலேயே கஷ்டமானது. சிலருக்கு அது அடங்குவதே இல்லை. 2011இல் லண்டனில் பெட் ஸ்கேன் செய்து பார்த்ததில், காயம் பட்டு 17 வருஷம் வரை ஆனவர்களிலும் மைக்ரோகிளியா கிளர்ந்திருக்கும் அடையாளம் தெரிந்தது. அதுவும் அடிபட்ட இடத்தில் இல்லை, மூளையின் நடு ஆழத்தில் இருக்கும் தலாமஸ் போன்ற தூரத்துப் பகுதிகளில்.

உடனே அதை அணைக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? அந்த லண்டன் ஆய்வாளர்களுக்கும் தோன்றியது. மைக்ரோகிளியாவைத் தணிக்கும் மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை, காயம் பட்டு ஆறு மாதத்துக்கு மேலான சிலருக்கு 12 வாரம் கொடுத்தார்கள். 2018இல் முடிவு வந்தது. பெட் ஸ்கேனில் மைக்ரோகிளியாவின் கிளர்ச்சி குறைந்தது, நினைத்தபடியே. ஆனால் ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம், அதாவது நரம்பு இழை சிதைவதன் அடையாளம், கூடிவிட்டது. மிகச் சிறிய ஆய்வுதான். இருந்தாலும் அந்த நாட்பட்ட மைக்ரோகிளியா ஏதோ உபகாரமும் செய்துகொண்டிருக்கிறது என்று எண்ண வைக்கிறது. மயலின் குப்பையை அள்ளுவது அதன் வேலைகளில் ஒன்று. என் கருத்தைக் கேட்டால், எந்த நோயாளிக்கு எந்தக் கட்டத்தில் எந்தச் சேதி மிஞ்சியிருக்கிறது என்று அளக்கத் தெரியாதவரை பொத்தாம்பொதுவாக அழற்சியை அடக்கும் எந்த மருந்தும் இருட்டில் கல் எறிவதுதான்.

மட்டுறுத்துநர்:

கொல்லிமலைத் தேன் இட்ட கேப்சூல் விலைப்பட்டியலும் வாட்ஸ்அப் எண்ணும் நீக்கப்பட்டன. விவாதம் தொடரட்டும், கடை வேண்டாம்.

வேலூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. முழுவதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதைச் செய்யக் கூடாது என்பது புரிந்தது. கேப்சூலை எடுத்து வைத்துவிட்டேன். பிசியோ அக்கா சொன்னதைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன், "திமிர் இல்லை" என்ற இடத்தில் அவன் சிரித்தான்.

கடைசியாக ஒன்று, டாக்டர் சார். அந்த ஜி.எஃப்.ஏ.பி.யை ரத்தத்தில் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறதாமே. இப்போது எடுத்தால் தழும்பு கூடுகிறதா குறைகிறதா என்று தெரியுமா?

டூட்டி டாக்டர்:

தெரியாது, பணம்தான் போகும். ஜி.எஃப்.ஏ.பி.யும் யூ.சி.எச்.-எல்1 என்ற இன்னொரு புரதமும் சேர்ந்த ரத்தப் பரிசோதனைக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. லேசாக அடிபட்டு வருபவருக்கு 12 மணி நேரத்துக்குள் எடுத்து, சி.டி. ஸ்கேன் தேவையா இல்லையா என்று முடிவு செய்வதற்கு அது. உடைந்த ஆஸ்ட்ரோசைட்டிலிருந்து ரத்தத்துக்குக் கசிந்ததை அளக்கிறது. ஒரு வருஷம் ஆன தழும்பைப் பற்றி அதில் ஒன்றும் தெரியாது.

அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, விபத்து அன்று எடுத்த சி.டி. ஸ்கேன், இப்போதைய எம்.ஆர்.ஐ. மூன்றையும் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஃபிலிமோ படங்கள் பதிந்த டிஸ்க்கோ வேண்டும், பழையதோடு வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். கண் ஒரே இடத்தில் நிலைகுத்துவது, வாய் சப்புக்கொட்டுவது, சில நொடி பதில் இல்லாமல் போவது, தூக்கத்தில் கை வெட்டுவது, இதில் எதையாவது வீட்டில் பார்த்தீர்களா என்று யோசித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்த்திருந்தால் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நினைவாற்றல் பரிசோதனைக்கும் பரிந்துரை கேளுங்கள். முடிந்தால் காலை முதல் டோக்கன் போடுங்கள், கேள்வி கேட்க நேரம் கிடைக்கும்.